குற்றம் தேடிய கோச்

எங்கள் ஊரில் ஒரு கால்பந்துப் பயிற்சியாளரை வேலையிலிருந்து அனுப்ப வேண்டுமானால் அவருக்குப் பதவி உயர்வு கொடுப்பார்கள். அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் மற்ற ஊர்களில் நேராகவே அனுப்பிவிடுகிறார்கள் என்று கேள்வி. எங்கள் ஓல்சன் ஃபோர்டில் அது முடியாது. அனுப்பியவரும் அனுப்பப்பட்டவரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே தேவாலயத்தில் ஒரே பாட்டைப் பாட வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒரே மளிகைக் கடையில் ஒரே உருளைக்கிழங்குக் குவியல் முன்னால் நிற்க வேண்டும். ஆகவே வேண்டாதவரை மேலே தூக்கி வைத்துவிடுவது எங்கள் வழக்கம். மேலே ஒரு வேலையும் இருக்காது. கீழே எட்டவும் எட்டாது.

வெண்டெல் நிக்விஸ்ட் எங்கள் கல்லூரிக்கு நெடுங்காலம் பயிற்சியாளராக இருந்தார். அவரை எல்லோரும் கோச் என்றே கூப்பிடுவோம். பாதிரியார்கூட நற்கருணை கொடுக்கும்போது கோச் என்றுதான் சொல்வார். முட்டை வடிவப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரே வருபவனை இடித்துத் தள்ளி ஓடும் ஆட்டம் எங்களுடையது. அதற்குக் கால்பந்து என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று எங்களைக் கேட்கக் கூடாது. கோச்சுக்குத் தோற்பதில் தனி ஆசை ஒன்றும் கிடையாது. ஆனால் அணிக்கு வந்த ஒவ்வொரு பையனும் ஒரு முறையாவது களத்தில் இறங்க வேண்டும், அவன் அப்பா அம்மா அதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சில பையன்கள் இறங்கிய நேரத்தில் எதிரணி நிறையப் புள்ளிகள் எடுத்துவிடும்.

புதிதாக வந்த கல்லூரித் தலைவர் டாக்டர் ப்ரெஸ்காட் லேனுக்கு இது பிடிக்கவில்லை. கோடை விடுமுறையில் ஒரு கூட்டம் கூட்டி, கோச்சை விளையாட்டுத் துறை இயக்குநராக அறிவித்தார்.

"நாம கோச்சை இழக்கல. உயர்த்தறோம்," என்றார் டாக்டர் லேன். "பயிற்சியாளர் பதினோரு பேரைப் பாத்துக்குவார். இயக்குநர் எல்லாரையும் பாத்துக்குவார். எல்லாரையும் பாத்துக்கறவர் யாரையும் தனியா பாக்க வேண்டியதில்ல. பெரிய பதவிங்கறதோட அழகே அதுதான்!"

கைதட்டினோம். கோச்சும் தட்டினார். அவருக்கு மனதில் ஒரு சங்கடம் இருந்தது.

அதற்கு முந்திய வாரம்தான் அவர் மேற்கே, இறைச்சித் தொழிற்சாலை இருக்கும் ஓர் ஊருக்குப் போய் வந்திருந்தார். எங்கள் ஆட்டத்திலும் எப்போதாவது பந்தை உதைக்க ஒருவன் வேண்டும். அங்கே இக்னாசியோ பரேதெஸ் என்ற பையன் அதில் கெட்டிக்காரன். ஆட்டக்காரர்களைச் சேர்க்க அவரவர் வீட்டுச் சமையலறைக்கே போய் உட்காருவதுதான் பயிற்சியாளர்களின் வழக்கம். பையனின் அம்மா ஒதிலியா, நாள் முழுக்க இறைச்சி வெட்டி வீங்கிய கைகளை மேசையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எத்தனை ஆட்டம் ஜெயிப்பீங்கன்னு நான் கேக்கல, சார். இவன் தங்கச்சிங்களோட, அத்தைங்களோட, பத்துப் பேர் இருக்கற வீட்ல வளந்தவன். அங்க தனியா உக்காந்து சாப்பிடாம பாத்துப்பீங்களா?"

"பாத்துக்கறேம்மா," என்றார் கோச்.

"வார்த்தை குடுக்கறீங்களா?"

"குடுக்கறேன்."

எத்தனையோ சமையலறைகளில் எத்தனையோ அம்மாக்களுக்கு வார்த்தை கொடுத்திருக்கிறார். எதையும் தவறவிட்டதில்லை. அவர் மனைவி மார்டெல் வியாழக்கிழமைதோறும் அணி முழுவதற்கும் சமைப்பாள். பையன்கள் வீட்டுப் படிக்கட்டுவரை உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இந்த முறையும் அதில் ஒரு தட்டு கூடும், அவ்வளவுதான் என்று நினைத்தார்.

கோச்சுக்கு நிர்வாகக் கட்டடத்தில் அறை கொடுத்தார்கள். ஜன்னல் உண்டு, அதிலிருந்து மைதானம் தெரியாது, வாகனம் நிறுத்துமிடம் தெரியும். காலியான பயிற்சியாளர் பதவிக்கு ஆள் தேட ஒரு நிறுவனத்தை அமர்த்தினார்கள். அது இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறது. ஆகஸ்டு மாதம், அந்த அறைக்கு டக்ளஸ் பிம் வந்தார்.

பிம் விதிமுறை அதிகாரி. சின்ன வயது, மெல்லிய குரல், யாரையும் புண்படுத்தத் தெரியாத சுபாவம். கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதிப்புத்தகத்தைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். எங்களிடமும் ஒரு பிரதி இருந்தது. உடை மாற்றும் அறையின் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருந்தோம்.

"கோச், நம்ம கல்லூரி இதுவரைக்கும் ஒரு விதிமீறலக்கூட தானா முன்வந்து சங்கத்துக்குச் சொன்னதில்ல," என்றார் பிம்.

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்."

"சந்தோஷப்படற விஷயம் இல்ல, கோச். ஒண்ணுமே சொல்லாத கல்லூரி எதையோ மறைக்குதுன்னு சங்கம் நினைக்கும்."

"நாங்க எதையும் மறைக்கலையே!"

"மறைக்கறவங்க எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க."

"அப்ப மறைக்காதவங்க என்ன சொல்வாங்க?"

பிம் நேர்மையாக யோசித்தார். "மறைக்காதவங்க நாலஞ்சு தப்ப ஒத்துக்குவாங்க."

"தப்பே செய்யலன்னா?"

"அதைத்தான் கோச் விசாரிக்க வருவாங்க."

எங்கள் கல்லூரியில் விளையாட்டுக்காக யாருக்கும் உதவித்தொகை கிடையாது. ஆட்டக்காரனும் மற்ற மாணவன் கட்டும் அதே கட்டணத்தைக் கட்டுகிறான். ஆகவேதான், மற்ற மாணவனுக்குக் கிடைக்காத எதுவும் அவனுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்பதில் சங்கம் கண்ணும் கருத்துமாக இருந்தது. அப்படிக் கிடைப்பதற்குக் கூடுதல் சலுகை என்று பெயர். பிம் புத்தகத்தைத் திறந்து விளக்கினார்.

"வெறும் ரொட்டி குடுக்கலாம். அது சிற்றுண்டி. வெண்ணெய் தடவிட்டா அது சாப்பாடு. சாப்பாடு சலுகை."

"ஜாம்?"

"ஜாமும் சாப்பாடுதான்."

"ரொட்டிய ஒரு தட்டுல, வெண்ணெய இன்னொரு தட்டுல வெச்சுட்டு நான் திரும்பி நின்னுக்கிட்டா?"

பிம் பேனாவை எடுத்தார். "நல்ல கேள்வி. எழுதிக் கேக்கறேன்." பல வாரம் கழித்துச் சங்கத்திலிருந்து பதில் வந்தது. அது ஆட்டக்காரர் ரொட்டியை எந்த எண்ணத்தோடு பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது என்றிருந்தது.

மார்டெலின் வியாழக்கிழமைச் சாப்பாடு அன்றோடு நின்றது. மழையில் நனைந்து வந்த ஒரு பையனைக் கோச் தன் வண்டியில் ஏற்றி வந்ததும் தெரியவந்தது. பிம் முகம் மலர்ந்தது. கல்லூரியின் முதல் குற்றம் கிடைத்துவிட்டது. குற்றம் செய்த ஊழியரை விளையாட்டுத் துறை இயக்குநர் நேரில் அழைத்துக் கண்டிக்க வேண்டும் என்பது விதி. எனவே கோச் தன்னைத் தன் அறைக்கு அழைத்தார்.

"ஆரம்பிக்கலாம்," என்றார் பிம், குறிப்பெடுக்க உட்கார்ந்து.

கோச் எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்து, "வெண்டெல், நீ செஞ்சது தப்பு," என்றார். பிறகு எழுந்து சுற்றி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "மழை பெஞ்சுதுங்க," என்றார்.

"கண்டிக்கப்பட்டவர் வருத்தம் தெரிவிச்சாரா?" என்று கேட்டார் பிம்.

"தெரிவிச்சேன்."

"அதிகாரிகிட்ட மரியாதையா நடந்துகிட்டாரா?"

கோச் கொஞ்சம் யோசித்தார். "வாயால மரியாதையாத்தான் பேசினேன்."

குற்றம் செய்தவர் விதிமுறை வகுப்புக்கு வர வேண்டும். வகுப்பை இயக்குநர் எடுக்க வேண்டும். அந்த வாரம் முழுவதும் கோச் கரும்பலகை முன் நின்று காலி பெஞ்சுகளுக்குப் பாடம் நடத்தினார். மாணவர் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளப் பிம் பின்வரிசையில் இருந்தார். மாணவர் தூங்கவில்லை. ஆசிரியர்தான் இருமுறை தூங்கினார்.

இதற்கிடையே இக்னாசியோ வந்து சேர்ந்தான். ஒல்லியான, அதிகம் பேசாத பையன். கோச் அவனைத் தேடிக் கிளம்பியபோது பிம் வழிமறித்தார்.

"நீங்களே போய்க் கூட்டிட்டு வந்த பையன். அவன் விஷயத்துல கொஞ்சம் தள்ளியே இருக்கறது நல்லது, கோச்."

"எவ்வளவு தள்ளி?"

"வழியில பாத்தா தலையசைக்கலாம். ஆனா நடந்துகிட்டே அசைங்க. நின்னா அது வேற மாதிரி ஆயிடும்."

செப்டம்பர் முழுவதும், அக்டோபர் முழுவதும் கோச் நடந்துகொண்டே தலையசைத்தார். முதலில் இக்னாசியோ நின்று சிரித்தான். பிறகு சிரிக்க மட்டும் செய்தான். பிறகு அவனும் நடந்துகொண்டே தலையசைக்கக் கற்றுக்கொண்டான்.

"அந்தப் பையன் எப்படி இருக்கான்?" என்று மார்டெல் கேட்டாள்.

"பாத்தேன். தலையாட்டினேன்."

"தலையாட்டினியா? அவங்கம்மாகிட்ட அதுக்கா வார்த்தை குடுத்துட்டு வந்தே? தலையாட்டறதுக்கு ஒரு மாடு போதுமே, வெண்டெல்!"

"விதி இருக்கு, மார்டெல்."

"விதி இருக்கட்டும். அவன் எங்க உக்காந்து சாப்பிடறான்?"

கோச்சுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமானால் நிற்க வேண்டும்.

ஒரு மழைக் குற்றம் டாக்டர் லேனுக்குப் போதவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கக் கல்லூரி ஒன்று இருபதுக்கு மேல் சொல்லியிருக்கிறதாம். "நாம நேர்மையில பின்தங்கிட்டோம்," என்று அவர் வருந்தினார். "குற்றங்களோட எண்ணிக்கையில நாம இந்த வட்டாரத்திலேயே முதல்ல வரணும். அதுக்கு உழைக்கணும்!"

பிம் உழைத்தார். தேவாலயத்தில் ஞாயிறுதோறும் கொடுக்கும் அறிவிப்புத் தாளில், பாட்டு எண்களுக்குக் கீழே நாலு வரி சேர்த்தார். கல்லூரி ஆட்டக்காரர் யாருக்கேனும், எப்போதேனும், எதையேனும் இலவசமாகக் கொடுத்தவர்கள் இயக்குநர் அலுவலகத்துக்கு வந்து தெரிவிக்கவும் என்றிருந்தது.

வேறு ஊராக இருந்தால் அந்தத் தாளை மடித்து வண்டியில் போட்டிருப்பார்கள். எங்கள் ஊரார் அப்படியில்லை. வாராவாரம் எழுந்து நின்று, தெரிந்து செய்ததும் தெரியாமல் செய்ததுமான பாவங்களையெல்லாம் உரத்த குரலில் அறிக்கை செய்து பழகியவர்கள். ஒப்புக்கொள்ளுங்கள் என்று யாராவது கேட்டால் எங்களால் சும்மா இருக்க முடியாது. திங்கட்கிழமை காலை கோச்சின் அறைவாசலில் தொடங்கிய வரிசை வாகனம் நிறுத்துமிடத்தைத் தாண்டிப் போயிருந்தது.

விதவை ஹுல்டா பெர்க் முதலில் நின்றாள். "தடுப்பு வரிசை ஆளுங்க அத்தனை பேருக்கும் கையுறை பின்னிக் குடுத்தேன், கோச். அந்தப் பெரிய பையனுக்கு விரல் பெருசு, அவனுக்கு ரெண்டு தடவ பின்னினேன். அதை ரெண்டு குற்றமா எழுதிக்கணுமா?"

"ஒண்ணா போட்டா போதும்னு நினைக்கறேன், ஹுல்டா."

"வேணாம், ரெண்டாவே போடுங்க. மனசு உறுத்தும்."

அடுத்தவர் முடிதிருத்தும் எமில். "ஒரு பையனுக்கு வெட்டிட்டிருந்தப்ப கரண்ட் போயிடுச்சு. பாதி வெட்டின தலைக்குக் காசு எப்படி வாங்கறதுன்னு விட்டுட்டேன். மறுநாள் மீதிய வெட்டினேன். அப்பவும் பாதித் தலைதானே, அப்பவும் வாங்கல."

பண்ணைக்காரர் ஹார்லன் தொப்பியைக் கையில் பிடித்தபடி, பனிப் பள்ளத்தில் விழுந்த ஓர் ஆட்டக்காரனின் வண்டியை டிராக்டர் வைத்து இழுத்ததைச் சொன்னார். பின்னாலிருந்து ஒருவர், "டேய் ஹார்லன், அன்னிக்கு அவனுக்கு சூப்பும் குடுத்தியே, அதைச் சொல்லுடா!" என்று கத்தினார். ஹார்லன் முகம் சிவந்து சூப்பையும் சொன்னார். ஒப்புக்கொள்ள எதுவும் இல்லாமல் வெறுமனே வேடிக்கை பார்க்க வந்த சிலர், அக்கம்பக்கத்தார் முன்னால் தலைகுனிந்து திரும்பிப் போனார்கள்.

கோச் எழுதிக்கொண்டே இருந்தார். எங்கள் ஊர் இத்தனை நல்ல ஊர் என்பது அன்றுதான் எங்களுக்கே தெரியவந்தது. ஒவ்வொன்றும் குற்றமாகப் பதிவானபோதுதான்.

டாக்டர் லேன் நேரில் வந்து வரிசையைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "எத்தனை குற்றவாளிங்க!" என்றார். "கோச், இவங்கள நினைச்சா பெருமையா இருக்கு."

சலுகை பெற்ற ஆட்டக்காரர் அதற்கு ஈடாகத் தொண்டு செய்து முடிக்கும்வரை களம் இறங்கக் கூடாது. பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் பிம் கணக்கெடுத்து முடித்தார். கையுறை, சூப்பு, பாதித் தலை, பூசணி கேக், பழைய மிதிவண்டி என்று ஏதோ ஒன்றால் அணி முழுவதும் கறைபட்டிருந்தது. விடுபட்டவன் ஒரே ஒருவன்.

"பரேதெஸ்," என்றார் பிம். "இவன் பேர் எங்கயுமே இல்ல, கோச். ஒரு தடவகூட. யாரும் ஒரு பேனாவக்கூடக் குடுக்கல. மாசு மறுவே இல்லாத பையன்!"

கோச் எழுந்து ஜன்னலருகே போய், வாகனம் நிறுத்துமிடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை பிற்பகல் நாங்கள் எல்லோரும் மைதானத்துக்குப் போனோம். எதிரணி வரிசையாக வந்து நின்றது. எங்கள் பக்கத்திலிருந்து இக்னாசியோ தனியாக நடந்து வந்தான். தலைக்கவசம் அவனுக்குக் கொஞ்சம் பெரிது.

"மத்தவங்க எங்கப்பா?" என்று நடுவர் கேட்டார்.

"அவங்களுக்கெல்லாம் யாரோ எதையோ குடுத்துட்டாங்க, சார்."

நடுவர் புரியாமல் நாணயத்தைச் சுண்டினார். டாஸில் இக்னாசியோதான் ஜெயித்தான். அந்தப் பருவத்தில் எங்களுக்குக் கிடைத்த சில வெற்றிகளில் அது ஒன்று. பிறகு ஆட்டம் கைவிடப்பட்டது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று எதிரணிக்கு வெற்றி எழுதினார்கள்.

டாக்டர் லேன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நடுமைதானத்துக்கு வந்தார். "இன்னிக்கு நாம ஆட்டத்துல தோத்தோம். ஒழுக்கத்துல ஜெயிச்சோம்! சங்கம் நமக்கு நேர்மைப் பண்பாட்டு விருது குடுக்குது. இதோ நிக்கறானே இந்தப் பையன், இவன்தான் நம்ம லட்சியம். ஒவ்வொரு ஆட்டக்காரனும் இவனை மாதிரி ஆகற நாள் வரணும். யாராலயும் தொடப்படாதவன்! தம்பி, ரெண்டு வார்த்தை பேசு."

இக்னாசியோ ஒலிபெருக்கியைப் பார்த்தான், பிறகு எங்களைப் பார்த்தான்.

"என்னைத் தப்பா நினைச்சுட்டீங்க, சார். நான் எதையும் வேணாம்னு சொல்லல. யாரும் என்கிட்ட கேக்கல, அவ்வளவுதான்."

"என்ன பணிவு பாத்தீங்களா!" என்று டாக்டர் லேன் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. ஹுல்டா பெர்க் மடியிலிருந்த கைப்பையைத் திறந்து, அதற்குள் எதையோ தேடுவதுபோல நெடுநேரம் குனிந்துகொண்டிருந்தாள். அவன் எங்கள் தேவாலயத்துக்கு வருகிறவன் இல்லை. புதியவன், பேசாதவன். வேறு யாராவது கவனித்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அந்த வேறு யாரோ தலையசைத்துக்கொண்டே நடந்து போயிருந்தார்.

செவ்வாய்க்கிழமை இக்னாசியோ கோச்சின் அறைக்கு வந்தான். கல்லூரியிலிருந்து விலகுவதாகச் சொன்னான்.

"பாடம் கஷ்டமா இருக்கா?"

"இல்ல, கோச். நல்லாத்தான் போகுது."

"அப்ப ஏன்பா?"

"தினமும் தனியா சாப்பிட்டு சாப்பிட்டு அலுத்துப்போச்சு," என்றான் அவன், கோபமில்லாமல். "திங்கக்கிழமை விருதுக்குப் படம் எடுக்க வர்றாங்களாம். அதை முடிச்சுட்டு அம்மாகிட்ட போயிடறேன். இங்கருந்து எடுத்துட்டுப் போக அந்தப் படமாவது இருக்கட்டும்."

"வியாழக்கிழமை நன்றித் திருநாள். வீட்டுக்கு வா. மார்டெல் வான்கோழி செய்யறா."

"வந்தா நீங்க அதை எழுதிக் குடுப்பீங்கல்ல?"

கோச் வாழ்நாளில் பொய் சொல்லி அறியாதவர். மேசையைப் பார்த்தபடி, "குடுப்பேன்," என்றார்.

"அப்ப வேணாம், கோச்," என்று சொல்லிவிட்டு இக்னாசியோ போய்விட்டான்.

கோச் நேரே டாக்டர் லேனிடம் போனார். அவர் கெஞ்சியதை வெளியே இருந்த செயலாளர் கேட்டிருக்கிறாள்.

"அவங்கம்மாவுக்கு நான் வார்த்தை குடுத்தேன், டாக்டர். ஒரு வேளைச் சாப்பாடு. ஒரே ஒரு வேளை. விட்டுக் குடுங்களேன்."

"வெண்டெல், உங்க மனசு எனக்குப் புரியுது. ஒரு நிறுவனத்தால அன்பா இருக்க முடியாது. அன்பா இருக்கறவங்க மேல நடவடிக்கை எடுக்கத்தான் முடியும். அதுலதான் நமக்கு விருது. நம்மகிட்ட சுத்தமா மிச்சம் இருக்கறது அந்தப் பையன் ஒருத்தன்தான். திங்கக்கிழமை படம் எடுக்கற வரைக்கும் அவனுக்கு யாரும் எந்த நல்லதும் செஞ்சுடாம பாத்துக்கங்க. அப்புறம் அவன் போனா போகட்டும். படம் இருக்கும்ல?"

வியாழக்கிழமை கல்லூரி காலியாக இருந்தது. இக்னாசியோவின் அம்மாவுக்குப் பண்டிகை நாளிலும் தொழிற்சாலையில் வேலை. அவனுக்கு ஊருக்குப் போகப் பேருந்தும் இல்லை. மாணவர் விடுதியில் ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. கோச் வீட்டில் வான்கோழி சிவந்து மணத்தது. அவர் கத்தியை எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தார்.

"குடுக்கத்தானே கூடாது?" என்றாள் மார்டெல். "கையில ஒண்ணும் இல்லாம போய் அவன் பக்கத்துல உக்காந்தா?"

கோச் பிம்முக்குத் தொலைபேசினார். பிம் தன் வாடகை அறையில் தனியாக உட்கார்ந்து டப்பாவிலிருந்து பட்டாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புத்தகத்தின் பக்கங்கள் புரளும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"சலுகைன்னா அதுக்கு ஒரு சந்தை விலை இருக்கணும், கோச். நீங்க பக்கத்துல உக்காந்திருக்கறதுக்கு என்ன விலை போகும்?"

"யாரும் ஒண்ணும் குடுக்க மாட்டாங்க."

"அப்ப தடையே இல்ல. மதிப்பு இல்லாத எதையும் சங்கம் தடுக்கறதில்ல. நீங்க கூட இருக்கறதுக்கு எந்த மதிப்பும் கிடையாதுன்னு எழுத்துல தரட்டுமா?"

"குடுங்க. மார்டெலுக்கும் சேத்துக் குடுங்க." கோச் சட்டென்று நிறுத்தினார். "பிம், அப்ப அந்தத் தலையசைக்கற விதி?"

மறுமுனையில் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. "அது விதி இல்ல, கோச். ஒரு ஜாக்கிரதைக்கு நான் சொன்னது."

"அப்ப இத்தனை நாளும் நான் நின்னு பேசியிருக்கலாமா?"

"பேசியிருக்கலாம். நீங்க கேக்கவே இல்லையே."

கோச் தொலைபேசியை வைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். மார்டெல் அதைக் காதில் வாங்காதவள்போல மேலங்கியை எடுத்துக் கொடுத்தாள். பிறகு அவள் ஹுல்டாவுக்குத் தொலைபேசினாள். ஹுல்டா எமிலுக்குச் சொன்னாள். எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

விடுதியின் பொதுச் சமையலறையில் இக்னாசியோ தனியாக இருந்தான். கதவு திறந்தது. கோச்சும் மார்டெலும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பின்னாலேயே ஹுல்டா, எமில், ஹார்லன், அவர்களுக்குப் பின்னால் நாங்கள். வீட்டில் அவரவர் வான்கோழி ஆறிக்கொண்டிருந்தது. கையில் பாத்திரம் இல்லாமல் ஓர் இடத்துக்குள் நுழைவது எங்கள் ஊரார் யாருக்கும் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சிலர் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார்கள். ஹார்லன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்ன கோச் இது?" என்றான் இக்னாசியோ.

"ஒண்ணுமில்லப்பா. உக்காந்திருக்கலாம்னு வந்தோம். எங்களுக்கு எந்த மதிப்பும் இல்லன்னு பிம் சொல்லிட்டார்." கோச் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "முன்னாடியே வந்திருக்கணும். மன்னிச்சுக்கோ."

"வீட்ல எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

எமிலின் வயிறு மட்டும் பதில் சொன்னது.

இக்னாசியோ கொஞ்சநேரம் எங்களைப் பார்த்தான். பிறகு எழுந்து, உறைபெட்டியிலிருந்து அம்மா கொடுத்தனுப்பியிருந்த பொட்டலத்தை எடுத்தான். தமாலே. மக்காச்சோள மாவுக்குள் இறைச்சி வைத்து, சோள மடலில் சுற்றி, ஆவியில் அவிப்பது. பெரிய பானையில் அடுக்கி அடுப்பில் ஏற்றினான். அறை முழுவதும் மிளகாயும் சோளமும் மணத்தன. வெந்ததும் எல்லோருக்கும் வரும்படி ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டித் தட்டுகளில் வைத்தான்.

அப்போதுதான் பிம் வந்தார். கையில் புத்தகத்தோடு வாசலிலேயே நின்றார்.

"இது சரியா, பிம்?" என்று கேட்டார் கோச், தட்டைத் தொடாமல்.

"வர்ற வழியெல்லாம் பாத்துட்டேதான் வந்தேன். ஆட்டக்காரர் வாங்கறதப் பத்தித்தான் புத்தகம் முழுக்க இருக்கு." பிம்மின் குரல் இன்னும் மெலிந்தது. "ஆட்டக்காரர் குடுப்பாருன்னு அவங்க யாரும் நினைச்சுக்கூடப் பாக்கல, கோச்."

இக்னாசியோ பிம்மின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி ஓரமாக வைத்தான். அதே கையில் ஒரு தட்டைக் கொடுத்தான். பிம் ஹார்லனுக்கும் ஹுல்டாவுக்கும் நடுவில் இடம்பிடித்து உட்கார்ந்தார். மார்டெல் கண்ணை மூடி நன்றி சொன்னாள். ஆமென் என்று எல்லோரும் சொல்லி முடிப்பதற்குள், ஹுல்டா சோள மடலோடு சேர்த்துக் கடித்துவிட்டாள்.

"நல்லாருக்கு," என்றாள், மரியாதைக்காக மென்றுகொண்டே. "கொஞ்சம் நார் ஜாஸ்தி."

இக்னாசியோ சிரித்தான். அவன் சிரிப்பு இத்தனை உரத்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மடலைப் பிரித்து எப்படிச் சாப்பிடுவதென்று அவளுக்குக் காட்டினான். அவள் காதுவரை சிவந்து, பிரித்து, உள்ளே இருந்ததைச் சாப்பிட்டு, தட்டை வழித்தாள்.

"தம்பி," என்றாள் பிறகு, "ஞாயித்துக்கிழமையும் நாங்க இப்படி வெறுங்கையோட வரலாமா?"

இக்னாசியோ பானைக்குள் எட்டிப் பார்த்தான். அது காலியாக இருந்தது. பிறகு எங்களை ஒவ்வொருவராக, கணக்குப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"வாங்க," என்றான். "ஆனா எத்தனை பேருன்னு முன்னாடியே சொல்லிடுங்க. அம்மா இன்னும் நிறைய செஞ்சு அனுப்ப வேண்டியிருக்கும்."